இருட்டின் இளவரசன்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால், மூன்றாவது நிமிஷம் லூகாஸ் ஜோக் வந்துவிடும்.

'இங்கிலீஷ்காரன் ஏன் பீரைச் சில்லென்று குடிக்கமாட்டேங்கறான்?'

'அவன் வீட்டு ஃப்ரிட்ஜ் லூகாஸ் தயாரிப்பு.'

இன்னொன்று. லூகாஸ் ஹெட்லைட் ஸ்விட்சுக்கு மூன்று நிலைகள் உண்டாம். மங்கல், மினுக்கல், அணைப்பு. மற்றொன்று இதைவிட விஷமம். கார் வயருக்குள் ஓடுவது மின்சாரமே இல்லை, புகை. ஓட்டை விழுந்து அந்தப் புகை வெளியே வந்துவிட்டால் கார் நின்றுவிடும். அவ்வளவுதான் சயின்ஸ்.

இப்படி உலகம் முழுக்கச் சிரித்துச் சிரித்து, ஜோசப் லூகாஸ் என்கிற பர்மிங்காம் பெரியவருக்கு ஒரு பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். 'பிரின்ஸ் ஆஃப் டார்க்னெஸ்.' இருட்டின் இளவரசன். இங்கிலீஷில் அது சாத்தானுக்கு வழங்கும் பெயர்.

பாவம், விளக்கு விற்றுப் பிழைத்த மனுஷன்!

இந்த வழக்கில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள், விசாரணைதான் நடக்கவில்லை என்பது என் கட்சி. அதனால் ஒரு சாட்சியைக் கூப்பிடலாம் என்று இருக்கிறேன். எம்.ஜி. காரின் ஸ்டார்ட்டர் மோட்டார். நம்ம ஊர் மெக்கானிக் பாஷையில் 'செல்ஃப்'.

செல்ஃப் வருவதற்கு முன்னால் காரைக் கிளப்புவது எப்படி இருந்தது? முன்பக்கம் போய் நிற்கவேண்டும். ரேடியேட்டருக்குக் கீழே இருக்கும் துவாரத்தில் ஹேண்டிலைச் செருகவேண்டும். மூச்சைப் பிடித்துச் சுற்றவேண்டும். இன்ஜின் நல்ல மனநிலையில் இருந்தால் கிளம்பும். இல்லாவிட்டால் எதிர்ப்பக்கமாக ஒரு உதை உதைக்கும். கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றிப் பிடித்திருந்தால் விரல் போச்சு. மணிக்கட்டுக்கு மேலே எலும்பு உடைகிற ஒரு வகை முறிவுக்கு டாக்டர்கள் வைத்த பெயர் 'ஷோஃபர்ஸ் ஃப்ராக்சர்'. டிரைவர் முறிவு. இன்றைக்கும் மருத்துவப் புத்தகங்களில் அந்தப் பெயர் இருக்கிறது. உடைக்கிற ஹேண்டில்தான் இல்லை.

அமெரிக்காவில் பைரன் கார்ட்டர் என்று ஒரு கார் தயாரிப்பாளர் இருந்தார். 1908-ல் இறந்துபோனார். டெட்ராய்ட் பக்கம் நடுவழியில் நின்றுபோன ஒரு பெண்மணியின் காரைக் கிளப்பித் தரப் போனார், ஹேண்டில் திருப்பி அடித்துத் தாடை உடைந்தது, அதிலேயே போய்விட்டார் என்பது பிரபலமான கதை. கதையின் சில்லறை விவரங்களைச் சரித்திரக்காரர்கள் நம்புவதில்லை. நிமோனியாவில் போனார் என்கிறார்கள். ஆனால் அவருடைய நண்பர், கேடிலாக் கம்பெனி முதலாளி ஹென்றி லேலண்ட், இந்த ஹேண்டில் சமாசாரத்தை ஒழித்தே தீருவது என்று கிளம்பியதில் சந்தேகமில்லை. அவருக்குக் கிடைத்த ஆள், சார்லஸ் கெட்டரிங்.

கெட்டரிங் அதற்குமுன் பார்த்த வேலை என்ன தெரியுமா? கல்லாப்பெட்டி. என்.சி.ஆர். கம்பெனியில், பொத்தானை அழுத்தினால் மோட்டார் சுழன்று கல்லா திறக்கும்படி செய்தவர். கார் இன்ஜினைச் சுற்றுவதற்கு ஏறக்குறைய அந்த இன்ஜின் அளவுக்கே ஒரு மின் மோட்டார் வேண்டியிருக்கும் என்று மற்றவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கணக்கு சரிதான். நாள் முழுக்கச் சுற்றுவதாக இருந்தால்! கல்லாப்பெட்டி மோட்டார் நாள் முழுக்கவா சுற்றுகிறது? ஒரு விநாடி சுற்றும், நிற்கும். ஒரு விநாடிக்கு மட்டும் என்றால், சின்ன மோட்டாருக்குள் அது தாங்குவதைப்போல் பல மடங்கு மின்சாரத்தைத் திணிக்கலாம். சூடேறி எரிவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

செல்ஃபின் ரகசியம் மொத்தமும் இதுதான். தன் சக்திக்கு மீறிய வேலையைச் சில விநாடிகள் மட்டும் செய்கிற மோட்டார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1912 மாடல் கேடிலாக்கில் கெட்டரிங்கின் செல்ஃப் வந்தது. அதற்காக கேடிலாக்குக்கு டியூவர் கோப்பை கொடுத்துப் பாராட்டியது யார்? லண்டனில் இருக்கிற ராயல் ஆட்டோமொபைல் கிளப். நாளைக்கு எந்த நாட்டு ஸ்டார்ட்டரைப் பார்த்து உலகம் சிரிக்கப்போகிறதோ, அந்த நாடே கையைத் தட்டி ஆரம்பித்துவைத்தது.

இப்போது பர்மிங்காம்.

1860-களை ஒட்டிய காலம். ஹாக்லி பகுதித் தெருக்களில் வேலையில்லாத ஒருவர், ஆறு பிள்ளைகளுக்குத் தகப்பன், தள்ளுவண்டியில் மண்ணெண்ணெய் விற்றுக்கொண்டு போகிறார். அவர்தான் ஜோசப் லூகாஸ். எண்ணெய் விற்கிறவன் விளக்கும் விற்றால் என்ன? விற்றார். விற்கிறவன் செய்தால் என்ன? செய்தார். 1880-ஐ ஒட்டி 'கிங் ஆஃப் தி ரோடு' என்று ஒரு சைக்கிள் விளக்கு வந்தது. முன்சக்கரம் ஆள் உயரம் இருக்குமே, அந்தக் காலத்து சைக்கிள், அதன் சக்கர நடுவில் தொங்குகிற எண்ணெய் விளக்கு. ஓகோ என்று ஓடியது. சாலையின் ராஜா என்று ஆரம்பித்தவரைத்தான் பிற்பாடு இருட்டின் இளவரசன் ஆக்கினார்கள். அதைக் கேட்கிற கொடுமை அவருக்கு நேரவில்லை. மது தொடாதவர், 1902-ல் நேப்பிள்ஸில் டைஃபாய்டு வந்து காலமாகிவிட்டார். அவர் பெயரைச் சொல்லித் திட்டப்படும் எந்த ஸ்டார்ட்டரையும் அவர் பார்த்ததுகூட இல்லை.

பார்த்தது பிள்ளையும் பேரனும். சைக்கிள் விளக்கிலிருந்து கார் விளக்கு, மேக்னெட்டோ, டைனமோ, செல்ஃப். மோரிஸ் மாதிரி பெரிய கார் கம்பெனிகளின் ஆர்டர் கிடைத்தது. 1926-ல் போட்டியாக இருந்த ரோட்டாக்ஸ், சி.ஏ.வி. இரண்டையும் லூகாஸ் விலைக்கு வாங்கிப்போட்டது. அதற்கப்புறம் இங்கிலாந்தில் கார் செய்கிறவன் எவனாக இருந்தாலும், வயருக்கும் விளக்குக்கும் பெரும்பாலும் பர்மிங்காம் கிரேட் கிங் ஸ்ட்ரீட் வாசலில்தான் போய் நிற்கவேண்டும்.

அப்படி நின்றவர்களில் ஒருவர்தான் எம்.ஜி. 'மோரிஸ் கராஜஸ்' என்பதன் சுருக்கம். இன்று நம் சாலைகளில் ஓடும் எம்.ஜி.க்களின் பெயர் சீனக் கம்பெனி ஒன்றின் சொத்து. அது தனிக் கதை. நாம் பார்ப்பது ஆபிங்டன் என்கிற சிற்றூரில் தயாரான அசல் எம்.ஜி.யை. மேல்கூரை கிடையாது, இரண்டு பேர்தான் உட்காரலாம், தரையோடு தரையாக இருக்கும். இரண்டாம் உலக யுத்தத்துக்காக இங்கிலாந்துக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் இந்த ஜாதிக் காரைப் பார்த்து மயங்கினார்கள். அப்புறம் கப்பல் கப்பலாக ஏற்றுமதி. 1955-லிருந்து 1962 வரை எம்.ஜி. ஏ என்ற மாடல் ஒரு லட்சத்துச் சொச்சம் செய்தார்கள். உள்நாட்டில் விற்றது எத்தனை? 5,869. மீதி அத்தனையும் வெளிநாடு, பெரும்பங்கு அமெரிக்கா. அடுத்து 1962-ல் வந்த எம்.ஜி. பி 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல்.

டெக்ஸாஸ் வெயிலிலும் பாஸ்டன் பனியிலும் அந்தக் கார்கள் மக்கர் செய்தன. பேனட்டைத் திறந்தால் செல்ஃபின்மேல் பொறித்திருக்கும் பெயர், லூகாஸ். திட்டுவதற்கு அட்ரஸ் கிடைத்துவிட்டது.

சரி, அந்தச் செல்ஃப் என்னதான் பண்ணித் தொலைத்தது?

எம்.ஜி. ஏ-யில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றாது. டேஷ்போர்டில் ஒரு குமிழ் இருக்கும். அதைப் பிடித்து இழுக்கவேண்டும். குமிழில் கட்டிய கேபிள் ஒரு முரட்டு ஸ்விட்சை இழுத்து மூடும். பேட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே பாய்ச்சலில் மோட்டாருக்குள் போகும். நம் வீட்டு பெரிய பிளக்குக்கே 15 ஆம்பியர்தான், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மோட்டார் தண்டின்மேல் ஸ்க்ரூ போல் திருகு மரை வெட்டிய ஒரு குழாய். அதில் ஒரு சின்னப் பல்சக்கரம். மோட்டார் விருட்டென்று கிளம்பும்போது பல்சக்கரத்தால் அதே வேகத்தில் கிளம்ப முடியாது. கனம் இருக்கிறதே, கொஞ்சம் சோம்பல் படும். தண்டு சுற்றுகிறது, சக்கரம் தயங்குகிறது. என்ன ஆகும்? ஓடாத போல்ட்டில் நட்டைப் பிடித்துக்கொண்டு போல்ட்டை மட்டும் சுற்றினால் நட்டு நகருமே, அதேதான். பல்சக்கரம் மரைவழியே நகர்ந்துபோய் ஃப்ளைவீலின் ரிங் கியரைக் கவ்வும். இன்ஜின் சுற்றும். இன்ஜின் உயிர் பெற்றதும் ஃப்ளைவீல் மோட்டாரைவிட வேகமாக ஓட ஆரம்பிக்கும். அந்த வேகமே பல்சக்கரத்தைப் பின்னால் உதறித் தள்ளிவிடும். கவ்விப் பிடிக்க ஆள் வேண்டாம், விடுவிக்க ஆள் வேண்டாம். அமெரிக்கரான வின்சென்ட் பெண்டிக்ஸ் கண்டுபிடித்த ஏற்பாடு. நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்பில் 'பெண்டிக்ஸ் போயிடுச்சு சார்' என்பார்களே, அந்தப் பெண்டிக்ஸ்.

அழகான ஏற்பாடுதான். ஆனால் எல்லாமே அந்தச் சக்கரம் மரையில் வழுக்கிக்கொண்டு ஓடுவதை நம்பி இருக்கிறது. மரையில் பிசுக்கு ஏறினால் தீர்ந்தது. மோட்டார் மட்டும் 'ஙீய்...' என்று அலறும், சக்கரம் இருந்த இடத்தில் இருக்கும், இன்ஜின் அசையாது. அல்லது இதற்கு நேர் எதிராக, சக்கரம் போய்க் கவ்விக்கொண்டு திரும்பி வராது. 'டொக்' என்று ஒரு சத்தம். அப்புறம் மயான அமைதி.

இரண்டில் எது, அல்லது பேட்டரியே காலியா என்று கண்டுபிடிக்க மீட்டர் வேண்டாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃபை இழுக்கவேண்டும். வெளிச்சம் மங்கினால், மின்சாரம் போகிறது. மோட்டார் சிக்கிக்கொண்டிருக்கலாம், அல்லது பேட்டரியில் தெம்பில்லை. வெளிச்சம் அப்படியே நின்றால், மின்சாரம் மோட்டாருக்குப் போகவே இல்லை. ஸ்விட்சையும் வயர் முனைகளையும் பாருங்கள். காரோடு கொடுக்கிற புத்தகத்தின் பாணி இதுதான். வாங்கினவன் ஸ்பேனர் பிடிப்பான் என்று நம்பி எழுதிய புத்தகங்கள்.

சிக்கிக்கொண்ட சக்கரத்தை விடுவிக்க ஒரு வழி, இக்னிஷனை அணைத்து, டாப் கியரில் போட்டு காரை முன்னும் பின்னுமாக ஆட்டுவது. தொட்டில் ஆட்டுகிற மாதிரி. இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. மோட்டாரின் பின்முனையில் சின்னத் தகர மூடி ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே மோட்டார் தண்டின் முனை சதுரமாகச் சீவப்பட்டிருக்கும். ஸ்பேனரை மாட்டித் திருகினால் சக்கரம் விடுபட்டு வந்துவிடும். யோசித்துப் பாருங்கள். எங்கள் சரக்கு ஒருநாள் சிக்கிக்கொள்ளும் என்று தெரிந்து, அன்றைக்கு நடுரோட்டில் நிற்கப்போகிறவனுக்காகத் தண்டின் முனையைச் சதுரமாகச் சீவிவைத்திருக்கிறான் லூகாஸ்காரன்.

நிரந்தர வைத்தியம் வேண்டுமென்றால் கழற்றவேண்டும். முதலில் பேட்டரி வயரைப் பிடுங்கவேண்டும். இல்லையென்றால் ஸ்பேனர் இரும்பில் பட்டு வெல்டிங்கே நடந்துவிடும். மோட்டாரைப் பிடித்திருப்பது இரண்டே போல்ட். ஆனால் எம்.ஜி.யில் ஆயில் ஃபில்டர், டிஸ்ட்ரிப்யூட்டர் எல்லாம் செல்ஃப் இருக்கும் அதே பக்கம். ஒரு போல்ட்டுக்கு மேலிருந்து கையை விடவேண்டும், இன்னொன்றுக்குக் காருக்கடியில் படுக்கவேண்டும். கைமுட்டித் தோல் கொஞ்சம் போகும். இந்தக் கார்க்காரர்கள் அதைத் தழும்பு என்று சொல்லமாட்டார்கள், விழுப்புண் என்பார்கள்.

வெளியே எடுத்தபின் மரைக்கு ஆயில் போடத்தான் கை துறுதுறுக்கும். கூடாது! கிளட்ச் தேய்ந்து விழுகிற தூள் பூராவும் அந்த ஆயிலில் ஒட்டிக்கொண்டு களிம்பாகும். சிக்கலுக்கே காரணம் அதுதான். பின்னே எதைப் போட்டுக் கழுவுவது? ஒர்க்‌ஷாப் மேனுவல் சொல்கிற பதில், மண்ணெண்ணெய்.

தள்ளுவண்டியில் மண்ணெண்ணெய் விற்று ஆரம்பித்த கம்பெனியின் மோட்டாருக்கு மருந்து மண்ணெண்ணெய்!

அடுத்தது கார்பன். தேய்ந்து குட்டையாகியிருந்தால் புதுசு. தேயாமல் கூட்டுக்குள் இறுகியிருந்தால் துடைத்து லேசாக விடவேண்டும். கார்பன் உரசுகிற செம்பு உருளை, கம்யூட்டேட்டர், கருத்திருந்தால் பெட்ரோல் நனைத்த துணி. அதற்கும் போகவில்லையா, மெல்லிய உப்புத்தாள். எமரி தாளைத் தொடவே கூடாது, அதன் தூள் செம்புத் தகடுகளுக்கு நடுவே புகுந்துகொண்டு ஷார்ட் ஆகும். டைனமோ ரிப்பேர் பார்த்துப் பழகியவர்கள் கம்யூட்டேட்டரின் தகடுகளுக்கு இடையிலுள்ள மைக்காவைக் கொஞ்சம் பள்ளமாக வெட்டிவிடுவார்கள். செல்ஃபில் அதைச் செய்யாதே என்று மேனுவல் மிரட்டுகிறது. தண்டு சுற்றுகிற வெண்கல புஷ் புதிதாகப் போட்டால், அதற்கு முன் அதை ஒரு முழு நாள் ஆயிலில் ஊறப்போட வேண்டும். வெண்கலத்துக்குள் நுண்ணிய துளைகள் இருக்கின்றன, அது ஆயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஆயுசுக்கும் அதுதான் அதன் சாப்பாடு. அரைக்கும் முன் உளுந்தை ஊறவைக்கிற பொறுமை உள்ளவர்கள் செய்யக்கூடிய வேலை.

மொத்தத்தில், அந்த மோட்டாரில் கழற்ற முடியாத பாகம் இல்லை. நீளமான இரண்டு திருகுகளைக் கழற்றினால் முழுசும் கைக்கு வந்துவிடும்.

இவ்வளவு சாவதானமாகச் செய்யப்பட்ட பொருளுக்கு ஏன் இவ்வளவு கெட்ட பெயர்?

நான் பி.காம். என்பதால் எனக்கு முதலில் கணக்குப் புத்தகம்தான் கண்ணில் படுகிறது. லூகாஸ் ஏகபோகம். சந்தேகமே இல்லை. பிரிட்டிஷ் அரசின் ஏகபோகக் கமிஷன் விசாரித்து 1963-ல் அறிக்கையே கொடுத்தது. ஏகபோகம் இருப்பது உண்மை என்றது, ஆனால் கம்பெனியை உடைக்கச் சொல்லவில்லை. ஏகபோகம் என்றால் அவன் வைத்ததுதான் விலை என்று நாம் பாடத்தில் படிக்கிறோம். ஆனால் வாங்குகிற பக்கமும் ஐந்தாறு பெரிய தலைகள்தானே? 1952-ல் ஆஸ்டினும் மோரிஸும் சேர்ந்து பி.எம்.சி. ஆனபின் எம்.ஜி.க்கும் அதுதான் முதலாளி. அந்தப் பி.எம்.சி.க்குக் காசில் எவ்வளவு குறி என்றால், 1959-ல் மினி காரை ஐந்நூறு பவுனுக்குள் விற்றார்கள். போட்டிக் கம்பெனியான ஃபோர்டு ஒரு மினியை வாங்கி, நட்டு நட்டாகப் பிரித்துக் கணக்குப் போட்டு, இவர்கள் ஒவ்வொரு காரிலும் நஷ்டப்படுகிறார்கள் என்று அசந்துபோனது. அப்படிப்பட்டவர்கள் வயர் வாங்கும்போது எப்படிப் பேரம் பேசியிருப்பார்கள்?

சும்மா ஊகம் சொல்லவில்லை, காருக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. ஆரம்பகால எம்.ஜி. பி-யில் மொத்தம் எத்தனை ஃப்யூஸ்? இரண்டு. ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸே கிடையாது. ஷார்ட் ஆனால் வயர்தான் எரியவேண்டும். புகை ஜோக் எங்கிருந்து பிறந்தது என்று புரிகிறதா? ஒரு காருக்கு எத்தனை ஃப்யூஸ் என்று முடிவு செய்பவன் கார் செய்கிறவன், ஃப்யூஸ் செய்கிறவன் அல்ல.

பேட்டரி? 12 வோல்ட்டுக்கு ஒரே பேட்டரி வைக்க இடமில்லை என்று இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளை சீட்டுக்குப் பின்னால் தரைக்கடியில் தொட்டி கட்டித் தொங்கவிட்டார்கள். சக்கரம் வாரி இறைக்கும் தண்ணீர் எல்லாம் அங்கேதான். கம்பளத்தைத் தூக்கி, மூடியைக் கழற்றினால்தான் கண்ணிலேயே படும். யார் பார்ப்பார்கள்? முனைகளில் பச்சைப் பச்சையாகப் பூக்கும். இரண்டு பேட்டரியையும் இணைக்கிற இணைப்பு ஒன்று வேறு. அங்கிருந்து செல்ஃபுக்குக் காரின் பாதி நீளத்துக்கு கேபிள். நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கிற மோட்டார் என்றேன், சக்திக்கு மீறி ஒரு விநாடி வேலை செய்கிறது என்றேன். வழியில் எந்த முனையில் துரு இருந்தாலும் அந்த ஒரு விநாடிக்கு வேண்டிய தெம்பு அங்கேயே செலவாகிவிடும். ரேடியோ பாடும், லைட் எரியும், செல்ஃப் மட்டும் முனகும். திட்டு யாருக்கு? லூகாஸுக்கு. 1974-ல்தான் ஒரே பேட்டரிக்கு மாறினார்கள்.

எல்லாவற்றுக்கும் சிகரம் எர்த் பட்டை. இன்ஜின் ரப்பர்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் பாயாது. அதனால் இன்ஜினையும் பாடியையும் இணைக்க செப்புக் கம்பி பின்னிய பட்டை ஒன்று உண்டு. கிளட்ச் வேலை பார்த்த புண்ணியவான் யாராவது அதை மறுபடி மாட்ட மறந்திருப்பான். செல்ஃபுக்குப் போன மின்சாரம் திரும்பி வந்தாகவேண்டுமே? சோக் கேபிள் வழியாக வரும், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாக வரும். அவை இத்தனை ஆம்பியரைத் தாங்க மாட்டா. கேபிள் பழுத்துச் சிவந்து புகையும். பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? செல்ஃபை இழுத்தேன், டேஷ்போர்டிலிருந்து புகை வந்தது, லூகாஸ் ஒழிக.

லூகாஸ் முழு யோக்கியன் என்று சொல்லமாட்டேன். ஸ்விட்சுகள் சுமார். வயர் முனைகளைச் செருகுகிற இணைப்புகள் ஈரத்தில் துருப்பிடிப்பது நிஜம். போட்டி இல்லாத இடத்தில் அவசரமும் இருக்காது. சக்கரம் தானாக ஓடிப்போய்க் கவ்வுகிற பழைய பெண்டிக்ஸுக்குப் பதிலாக, சோலனாய்டு முதலில் சக்கரத்தைத் தள்ளிக் கவ்வவைத்து, அப்புறம் மின்சாரத்தை விடுகிற முறை வெகுநாளாக உலகத்தில் இருந்தது. எம்.ஜி. பி-க்கு அது வந்தது 1967-ல். ஐந்து வருஷம் பழசையே வைத்து ஓட்டினார்கள். ஆனால் அந்தத் தாமதத்தில் ஆர்டர் கொடுத்தவனுக்கும் பங்கு உண்டா இல்லையா?

இவ்வளவு நேரம் இங்கிலாந்துக் கதை. இப்போது ஒரு எட்டு பாடிக்குப் போய் வரலாம். சென்னைக்காரர்களுக்கு 'பாடி லூகாஸ்' என்பது பஸ் ஸ்டாப். அதே லூகாஸ்தான். 1961-ல் டி.வி.எஸ்.ஸும் பர்மிங்காம் லூகாஸும் கூட்டுச் சேர்ந்து ஆரம்பித்த லூகாஸ்-டி.வி.எஸ். தொழிற்சாலையால் வந்த பெயர்.

உறவு அதோடு நிற்கவில்லை. நம்ம அம்பாசடரில் வெகுகாலம் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் இருக்கிறதே, அது பி.எம்.சி.யின் பி சீரிஸ். எம்.ஜி. ஏ முதலில் வந்தபோது அதில் இருந்ததும் அதே பி சீரிஸ், அதே 1489 சி.சி. அங்கே இரண்டு கார்புரேட்டர், இங்கே ஒன்று. கலிஃபோர்னியா கடற்கரையில் தலைமுடி பறக்க ஓட்டிப்போன காரும், கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெள்ளைத் துண்டு போர்த்திய சீட்டோடு நின்ற காரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அம்பாசடர் செல்ஃப் எடுக்காவிட்டால் நாம் யாரும் லூகாஸ் ஜோக் அடித்ததில்லை. தள்ளினோம். அப்புறம் செல்ஃபைக் கழற்றி ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்தோம். பத்துக்குப் பத்து கடை, வாசலில் கழற்றிப்போட்ட ஆர்மேச்சர் குவியல். அவர் கார்பன் மாற்றி, புஷ் போட்டு, மண்ணெண்ணெயில் கழுவி, பேட்டரியைத் தொட்டு 'விர்'ரென்று சுற்றவைத்துக் காட்டி, சாயங்காலம் திருப்பித் தந்தார். லூகாஸ் எப்படி ரிப்பேர் செய்யப்பட வேண்டும் என்று நினைத்துச் செய்தானோ, அப்படியே ரிப்பேர் செய்தவர்கள் நம்ம தெருமுனைக்காரர்கள்.

ஆபிங்டன் தொழிற்சாலையை 1980 அக்டோபரில் மூடினார்கள். பர்மிங்காம் லூகாஸ் 1996-ல் வாரிட்டி என்கிற அமெரிக்கக் கம்பெனியோடு இணைந்தது, மூன்றே வருஷத்தில் டி.ஆர்.டபிள்யூ. அதை விழுங்கியது. பாடியில் பஸ் ஸ்டாப்புக்கு இன்னும் அந்தப் பெயர்தான்.

எம்.ஜி.க்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அறுபது வயதைத் தாண்டிய கார்கள். அவற்றுக்கு இப்போது புதுவித செல்ஃப் வந்திருக்கிறது. கையடக்கம், கனம் குறைவு, உள்ளேயே பல்சக்கரம் வைத்துச் சுற்றுவதால் குறைந்த மின்சாரத்தில் இன்ஜினைப் பொம்மை மாதிரிச் சுற்றும். நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். நல்ல சரக்குதான், குறை சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலும் ஒன்று கெட்டால் இன்னொன்று வாங்குவதுதான் வழக்கம், திறந்து பார்ப்பதில்லை. பின்முனையில் தகர மூடி இல்லை. ஸ்பேனர் மாட்டச் சதுரமும் இல்லை.

கழற்றிய பழைய லூகாஸை என்ன செய்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் துடைத்து, துணியில் சுற்றி, டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில் போட்டுவைக்கிறார்கள். புதுசு என்றைக்காவது நடுரோட்டில் கைவிட்டால் வேண்டியிருக்கும் என்று.